சூடானால் நின்றுவிடும்

மலேசியாவின் பினாங்கு மாநிலத்தில், தீவுக்கு எதிரே உள்ள பெருநிலத்தில், நிபோங் திபாலுக்கு அருகே, கித்தா (ரப்பர்) மரங்கள் போய்ச் செம்பனை வந்துவிட்ட ஒரு பழைய தோட்டத்தின் ஓரத்து வீட்டில், கோழிக்கூண்டுக்கும் ஓடாத தையல் இயந்திரத்துக்கும் நடுவே அந்த வண்டி நின்றுகொண்டிருந்தது. 1978-ஆம் ஆண்டில் பதிவான ஹோண்டா சி70. நீல நிறம் என்று கெரானில், அதாவது வண்டியின் பதிவுப் பத்திரத்தில், எழுதியிருந்தது. கண்ணுக்குத் தெரிந்ததோ துருவின் நிறம்தான். வண்டிக்குச் சொந்தக்காரர் இறந்து ஆறு ஆண்டுகள் ஆகியிருந்தன. அவருடைய மனைவி, எழுபது வயதைத் தாண்டிய அம்மா, நான் பணத்தை எண்ணிக் கொடுத்தபோது அதை வாங்கித் தம் மகனிடம் நீட்டிவிட்டு, வண்டியைப் பார்த்தபடியே சொன்னார்: "நல்ல வண்டிதான் தம்பி. ஒரு கெட்ட பழக்கம் மட்டும் உண்டு. காலையில நல்லா ஓடும். சூடானா நின்னுடும். ஆத்தி எடுத்தா மறுபடியும் ஓடும்."

நான் தலையை ஆட்டினேன். கணவரை நினைத்துப் பேசுகிறார் என்று எண்ணி, "நல்லாப் பார்த்துக்கிறேன் அம்மா" என்று சொல்லிவிட்டு வண்டியை லாரியில் ஏற்றுவதில் கவனமாகிவிட்டேன்.

என்னைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். நான் கணக்கு எழுதிப் பிழைப்பவன். நாற்பத்திரண்டு வயதுவரை ஒரு வண்டியின் ஸ்பார்க் பிளாக்கைக்கூடக் கழற்றியதில்லை. குடியிருப்பது பினாங்குத் தீவின் ஆயர் ஈத்தாமில் பதினோராவது மாடி. மின்தூக்கியில் மோட்டார் ஏறாது. ஏறினாலும் வீட்டில் ஏற்றுக்கொள்ள மாட்டார்கள். ஆகவே ஜெலுத்தோங்கில் தனியாக வசிக்கும் என் சின்னம்மாவிடம், அவர் வீட்டு வாசலில் கார் நிறுத்தும் இடத்தை மூன்று மாதத்துக்கு மட்டும் கேட்டு வாங்கினேன். சின்னம்மாவிடம் கார் கிடையாது. அந்த இடத்தில் இருந்த துளசி மாடத்தையும் இரண்டு கறிவேப்பிலைத் தொட்டிகளையும் எண்ணெய் படாமல் காப்பாற்றுவேன் என்று வாக்குக் கொடுத்தேன். மூன்று மாதம் எட்டு மாதமானது. தொட்டிகளில் ஒன்று பிழைக்கவில்லை.

பழைய வண்டிகளில் இதைத்தான் எடுக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியதற்குப் பினாங்குக்காரன் என்பதைத் தவிர வேறு பெரிய காரணம் இல்லை. சி70 என்பது சூப்பர் கப் வகையைச் சேர்ந்தது. ஹோண்டா நிறுவனம் முதல் சூப்பர் கப் வண்டியை ஜப்பானில் 1958-இல் வெளியிட்டது. அதே காலத்தில், சீனாவிலிருந்து சிறுவனாக இந்தத் தீவுக்கு வந்து பட்டறைப் பையனாகத் தொழிலைத் தொடங்கிய லோ பூன் சியூ, மலாயாவில் ஹோண்டாவை விற்கும் உரிமையைப் பெற்றார். அதனால்தான் எங்கள் பெரியவர்கள் பலர் இந்த வண்டியை ஹோண்டா என்று சொல்வதைவிட 'பூன் சியூ' என்றே சொல்லிப் பழகினார்கள். கப்சாய் என்னும் பொதுப்பெயர் பிறகு நாடு முழுவதும் பரவியது. 'கப்' என்பதோடு, சிறியது என்று பொருள்படும் சீனச் சொல்லான 'சாய்' சேர்ந்த பெயர் அது. கிளச்சுக்குக் கைப்பிடி இல்லாத வண்டி. இடது கை சும்மா இருக்கும். ஜப்பானில் நூடல்ஸ் கொண்டுபோகும் பையன் ஒரு கையில் தட்டைப் பிடித்தபடியே ஓட்டும் வகையில் அமைக்க வேண்டும் என்பது அந்த வடிவமைப்பின் நோக்கங்களுள் ஒன்று என்பார்கள். எங்கள் தெருவிலோ ரொட்டி பாய் அந்த இடது கையால் பின்னாலிருக்கும் பெட்டியைத் திறந்து, வண்டியை நிறுத்தாமலே ஒரு தேங்காய் பன்னை எடுத்து என் கையில் வைத்துவிட்டுப் போவார். 2017-இல் உலகெங்கும் தயாரான கப் வகை வண்டிகளின் எண்ணிக்கை பத்துக் கோடியைத் தொட்டது என்று படித்தபோது எனக்கு அந்தக் கைதான் நினைவுக்கு வந்தது.

வாங்குவதற்கு முன் நான் சரியாகச் செய்த ஒரே காரியம், சட்டத்திலும் எஞ்சினிலும் அடித்திருக்கும் எண்களைத் துடைத்துப் பார்த்து, கெரானில் உள்ளவற்றோடு ஒவ்வோர் இலக்கமாக ஒப்பிட்டதுதான். அது கணக்கனின் புத்தி. பெயர் ஏற்கெனவே முறைப்படி மகனுக்கு மாறியிருந்ததால் அடுத்த மாற்றத்தில் சிக்கல் எழவில்லை. பழைய வண்டி வாங்க நினைப்பவர்கள் இந்த இரண்டையும் முதலில் பார்க்க வேண்டும். எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும், எண் பொருந்தாத வண்டி வீட்டு முற்றத்தில் நிற்கும் இரும்புதான், சாலைக்கு வராது.

அடுத்து வந்த சனி, ஞாயிறு இரண்டு நாள்களில் நான் வண்டியை முழுவதுமாகக் கழற்றினேன்.

இந்த இடத்தில்தான் நான் செய்த தவறு முழுவதும் அடங்கியிருக்கிறது என்பதால் சற்று விரிவாகச் சொல்கிறேன். ஓடாத வண்டியிடம் கேட்க வேண்டிய கேள்விகள் மூன்று: தீப்பொறி வருகிறதா, பெட்ரோல் வருகிறதா, சிலிண்டரில் அழுத்தம் இருக்கிறதா. இவற்றுக்கு விடை காண ஒரு பிளாக் ஸ்பேனரும் பத்து நிமிடமும் போதும். நான் அவற்றில் எதையும் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்றே எனக்குத் தெரியாது. புதுப்பிப்பது என்றால் கழற்றுவது, கழுவுவது, சாயம் பூசுவது, மாட்டுவது என்ற வரிசைதான் என் மனத்தில் இருந்தது. கழற்றுவதில் ஒரு போதையும் உண்டு. ஒவ்வொரு திருகாணியும் வெளியே வரும்போது வேலை முன்னேறுவதுபோல ஒரு மயக்கம். சனிக்கிழமை மாலைக்குள் முன்சக்கரம், விளக்கு, முழங்காலை மறைக்கும் வெள்ளை லெக் ஷீல்டு, இருக்கை, பெட்ரோல் தொட்டி எல்லாம் தரையில் கிடந்தன. லெக் ஷீல்டுக்குப் பின்னால், எஞ்சினுக்கு மேலே, வெளிறிய துண்டுத் துணி ஒன்று சணல் கயிற்றால் கட்டியிருந்தது. காய்ந்து அட்டைபோல விறைத்துப் போன துணி. ஏதோ துடைக்க வைத்திருந்தது என்று நினைத்துக் குப்பையில் எறிந்தேன்.

திருகாணிகளை மைலோ டின்களில் போட்டேன். எந்த டின்னில் எது என்று எழுதிவைக்கவில்லை. எஞ்சினின் பக்கமூடிகளில் உள்ள நட்சத்திரத் தலைத் திருகாணிகள் பதினான்கில் ஆறின் தலையைத் தேய்த்துக் கெடுத்தேன். அவை பார்ப்பதற்கு நாம் கடையில் வாங்கும் சாதாரண பிலிப்ஸ் திருகாணிபோல இருக்கும். ஆனால் ஜப்பானியத் தர அளவில் வெட்டப்பட்டவை. பிலிப்ஸ் ஸ்குரு டிரைவரின் முனை அவற்றில் முழுமையாக இறங்காது. பலம் கொடுத்தால் மேலேறி வழுக்கி, தலையைச் சுரண்டிவிடும். அதற்கென்றே ஜே.ஐ.எஸ். முனை தனியாகக் கிடைக்கிறது. நாற்பது ஆண்டுகள் இறுகிக் கிடந்த திருகாணிக்கு அதுவும் போதாது. சுத்தியலால் தட்டினால் அந்த அடியையே திருப்பும் விசையாக மாற்றும் கருவி ஒன்று உண்டு, அது வேண்டும். இவ்விரண்டும் சேர்த்து அறுபது ரிங்கிட்டுக்குள் கிடைக்கும். நான் கெடுத்த ஆறு தலைகளைத் துளைத்து எடுக்கக் கொடுத்த கூலி அதைவிட அதிகம்.

ஞாயிற்றுக்கிழமை இரவு சின்னம்மா வெளியே வந்து பார்த்தார். வாசல் முழுவதும் பரவிக் கிடந்த இரும்பைப் பார்த்து, "இதெல்லாம் ஒரே வண்டியா?" என்று கேட்டார்.

இரண்டு வாரம் கழித்து, என்ன செய்வதென்று தெரியாமல், எஞ்சினை அரிசிச் சாக்கில் கட்டிப் பக்கத்துச் சந்தில் உள்ள பழைய பட்டறைக்குக் கொண்டுபோனேன். பட்டறைக்காரர் அறுபத்தைந்தைத் தாண்டியவர். கையில் இருந்த காப்பியைக் கீழே வைக்காமலே சாக்கினுள் எட்டிப் பார்த்தார்.

"ஏன் தம்பி கழட்டின?"

"ஓடல அண்ணே."

"ஏன் ஓடல?"

எனக்குப் பதில் தெரியவில்லை. அவர் காப்பியைக் குடித்து முடித்தார். "ஏன் ஓடலன்னு தெரியாமக் கழட்டினா, மாட்டினப்புறம் ஏன் ஓடுதுன்னும் தெரியாது. ஓடலன்னாலும் தெரியாது" என்றார். வேலையை எடுத்துக்கொள்ள மறுத்துவிட்டார். ஆனால் ஞாயிற்றுக்கிழமைகளில் காலை பசியாறிவிட்டுப் பட்டறைக்கு வந்தால், தம் கருவிகளைப் பயன்படுத்திக்கொள்ளலாம், சந்தேகம் கேட்கலாம், கை வைப்பது நானாகத்தான் இருக்க வேண்டும் என்று சொன்னார். அப்படித்தான் அந்த எட்டு மாதமும் கழிந்தது.

எஞ்சின் எனக்குக் கற்றுக்கொடுத்தவற்றில் மூன்றை மட்டும் சொல்கிறேன். முதலாவது, எண்ணெய். இந்த எஞ்சினில் காரில் இருப்பதுபோன்ற காகித வடிகட்டி கிடையாது. கீழே ஒரு கம்பிவலை உண்டு. அதைத் தாண்டிவரும் நுண்ணிய அழுக்கை, வேகமாகச் சுழலும் கிளச்சின் வெளிக்கூடு விளிம்பை நோக்கி வீசி எறிந்து, அங்கேயே பிடித்துவைத்துக்கொள்கிறது. தயிர் கடையும்போது வெண்ணெய் ஒதுங்குவதுபோல என்று சொல்லலாம். ஒதுங்குவது மட்டும் கரிய சேறு. என் வண்டியின் கிளச் மூடியைத் திறந்தபோது உள்விளிம்பு முழுவதும் விரல் தடிமனுக்குச் சேறு அப்பியிருந்தது. ஸ்பூனால் சுரண்டினேன். அந்த ஸ்பூனைச் சின்னம்மா இன்னும் தேடிக்கொண்டிருக்கிறார். பழைய கப் வண்டி வாங்குபவர் வேறு எதைத் திறக்காவிட்டாலும் இதைத் திறந்து பார்ப்பது நல்லது. அதற்குள் போக, நான்கு பல் உள்ள தனி வகை ஸ்பேனர் ஒன்று வேண்டும். உளியை வைத்துத் தட்டித் திருப்பிய வண்டிகளை நட்டில் உள்ள காயத்தைப் பார்த்தே சொல்லிவிடலாம்.

இரண்டாவது, தேய்மானம். சி70-இன் சிலிண்டர் விட்டம் 47 மில்லிமீட்டர். பிஸ்டன் போய்வரும் தூரம் 41.4 மில்லிமீட்டர், இரண்டையும் வைத்துப் பெருக்கினால் 72 சி.சி. கிட்டும். கணக்கன் என்பதால் அந்தப் பெருக்கலை நானே செய்து பார்த்து மகிழ்ந்தேன். ஆனால் அண்ணன் கருவியை உள்ளே விட்டு அளந்தபோது சிலிண்டர் வட்டமாகவே இல்லை. மேல்பாகம் ஒருபக்கமாகத் தேய்ந்து நீள்வட்டமாகியிருந்தது. எதிர்க்கரையில் உள்ள பட்டர்வொர்த்தில் போரிங் செய்யும் கடைக்குக் கொண்டுபோய், அரை மில்லிமீட்டர் பெரிய பிஸ்டனுக்கு ஏற்பக் கடைந்து வாங்கினோம். இதில் ஒரு நுட்பம் உண்டு. பிஸ்டனை முதலில் வாங்கிக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். அந்தப் பிஸ்டனை அளந்துதான் சிலிண்டரைக் கடைவார்கள். நான் சிலிண்டரை மட்டும் தூக்கிக்கொண்டு போய், மறுபடியும் பாலத்தைக் கடந்து திரும்பி வந்தேன்.

மூன்றாவதுதான் எனக்கு மிகவும் பிடித்தது: நேரம் வைப்பது. பிஸ்டன் உச்சியில் இருக்கும்போது வால்வுகள் எந்த நிலையில் இருக்க வேண்டும் என்பதைச் செய்தவர்களே குறித்து வைத்திருக்கிறார்கள். இடது பக்கத்துக் காந்தச் சக்கரத்தில் உள்ள 'டி' என்னும் எழுத்து, எஞ்சினின் உடலில் உள்ள கோட்டுக்கு நேராக வர வேண்டும். அந்த நேரத்தில் மேலே, வால்வுகளைத் திறக்கும் கேமின் பல்சக்கரத்தில் உள்ள சிறு வட்டம், சிலிண்டர் தலையில் வெட்டியிருக்கும் பள்ளத்துக்கு நேராக நிற்க வேண்டும். ஒரு பல் தவறினாலும் வண்டி சரியாக ஓடாது. நான் மாட்டினேன், கீழே சரியாக இருந்தது, மேலே அரைப் பல் விலகி நின்றது. கழற்றி ஒரு பல் தள்ளினேன். இப்போது மறுபக்கம் அரைப் பல். ஒரு மணி நேரம் இதையே செய்துகொண்டிருந்தேன். அண்ணன் வந்து சங்கிலியின் தளர்ச்சியை விரலால் ஒருபக்கமாக இழுத்துப் பிடித்தார். வட்டம் பள்ளத்தில் போய் உட்கார்ந்தது. வால்வுக்கும் அதைத் தள்ளும் டேப்பட்டுக்கும் நடுவே 0.05 மில்லிமீட்டர் இடைவெளி வைத்தோம், எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது. அது தலைமுடியின் தடிமனைவிடக் குறைவு என்றார் அண்ணன். என் தலையைப் பார்த்துவிட்டு, "உன் முடி ஆகாது, மெலிஞ்சு போச்சு" என்றும் சொன்னார்.

பெட்ரோல் தொட்டியின் உட்புறம் மீன்செதில்போலத் துரு உதிர்ந்துகொண்டிருந்தது. சமையலுக்கு வாங்கும் வெள்ளை வினிகரை நிரப்பி இரண்டு நாள் வைத்து, ஒரு பிடி நட்டுகளைப் போட்டுக் குலுக்கி, பிறகு சமையல் சோடா கலந்த தண்ணீரால் அலசி, ஈரம் காயும் முன்பே எண்ணெய் விட்டுச் சுழற்றினேன். கடைசிப் படியைத் தவறவிட்டால் ஒரு மணி நேரத்தில் மறுபடி செம்மை படரும். கடற்காற்று வீசும் எங்கள் ஊரில் அரை மணி நேரமே போதும். இந்த வண்டியில் பெட்ரோல் குழாயின் திருகு தொட்டியில் இல்லை, கார்புரேட்டரோடு சேர்ந்தே இருக்கிறது. தொட்டியிலிருந்து இரண்டு ரப்பர் குழாய்கள் வரும், ஒன்று வழக்கத்துக்கு, மற்றொன்று தீரும் நேரத்துச் சேமிப்புக்கு. இரண்டையும் மாற்றி மாட்டினால் வண்டி ஓடும். ஆனால் சேமிப்பு முதலில் தீர்ந்துவிட்டு, அதன் பிறகு திருகைத் திருப்பினால் ஒன்றும் வராது. இதை நான் எப்படித் தெரிந்துகொண்டேன் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

பிரேக் டிரம்மைத் திறக்கும்போது காற்றுக் குழாயால் ஊதித் தூசியைப் பறக்கவிடாதே என்று அண்ணன் கையைப் பிடித்துத் தடுத்தார். பழைய பிரேக் கட்டைகளில் ஆஸ்பெஸ்டாஸ் கலந்திருக்கக்கூடும்; ஈரத்துணியால் துடைத்து எடுப்பதே முறை.

உதிரிப் பாகங்களுக்காக நான் அலைந்த இடங்களில் லோரோங் கூலிட் சந்தைக்குத் தனி இடம் உண்டு. காலையில் மட்டும் கூடும் அந்தப் பழம்பொருள் சந்தையில், கைக்கடிகாரங்களுக்கும் பழைய நாணயங்களுக்கும் இடையே தார்ப்பாயில் பரப்பிய வண்டிச் சாமான்களைக் குனிந்து குனிந்து தேடி, என் வண்டியின் ஆண்டுக்கு உரிய பின்விளக்குக் கண்ணாடியை எடுத்தேன். பதினைந்து ரிங்கிட் சொன்ன தவுக்கே (கடை முதலாளி), நான் அதைத் திருப்பிப் பார்த்த விதத்தைக் கவனித்துவிட்டு முப்பது என்றார். கப் வண்டிக்கு ஏறத்தாழ எல்லாப் பாகமும் இன்று புதிதாகவும் கிடைக்கிறது என்பது ஒரு வசதி. அதுவே ஒரு சோதனையும்கூட. மலிவான புதுப் பாகங்களை வாங்கி ஒவ்வொன்றாக மாற்றிக்கொண்டே போனால், கடைசியில் கெரானும் எண்ணும் மட்டுமே பழையனவாக மிஞ்சும். நான் மட்கார்டையும் சக்கர வளையங்களையும் பழையவற்றையே சுரண்டித் தீட்டி வைத்துக்கொண்டேன். பின்பக்கத்து இரும்புத் தட்டில், பல ஆண்டுகளாக ஏதோ பாரத்தைக் கட்டி இழுத்ததால் கயிறு அறுத்த தடங்கள் இருந்தன. சாயம் பூசுபவர் அவற்றை நிரவித் தருகிறேன் என்றார். வேண்டாம் என்றேன்.

அந்தச் சாயக்காரரிடம் லெக் ஷீல்டையும் கொடுத்திருக்க வேண்டும்; அவர் மறுத்திருப்பார். நானே வெள்ளை ஸ்பிரே வாங்கிச் சின்னம்மா வீட்டு வாசலில் பூசினேன். மிக அழகாக வந்தது. மூன்றாம் நாள் கையால் தொட்டபோது வாழைமரப் பட்டைபோல நீளமாக உரிந்து வந்தது. அது பாலிஎதிலீன், சாயம் அதில் ஒட்டாது. அந்த ஒரு பொருளை மட்டும் புதிதாக வாங்கினேன்.

எட்டாவது மாதத்தின் கடைசி ஞாயிறு வண்டி முழுமை பெற்றது. காந்தச் சக்கரத்துக்குப் பின்னால் உள்ள தட்டை நான் துடைத்து, தீப்பொறிக்கான மின்சாரத்தை விட்டு விட்டு அறுக்கும் பாயின்ட்டை நைசான உப்புத்தாளால் தேய்த்து, 0.35 மில்லிமீட்டர் இடைவெளி வைத்து, அப்படியே மாட்டியிருந்தேன். பாயின்ட் திறக்கும் கணத்தைக் கண்டுபிடிக்க அண்ணன் காட்டிய வழி எனக்கு இன்றும் வியப்பூட்டுகிறது. சிகரெட் தாளை அதன் இரண்டு உதடுகளுக்கு நடுவே செருகி, மெதுவாக இழுத்துக்கொண்டே சக்கரத்தைத் திருப்ப வேண்டும். தாள் நழுவும் கணமே திறக்கும் கணம். அப்போது காந்தச் சக்கரத்தில் உள்ள 'எஃப்' குறி கோட்டுக்கு நேராக இருக்க வேண்டும். இருந்தது. ஒன்பதாவது உதையில் எஞ்சின் பிடித்தது. சின்னம்மா சாமி அறையிலிருந்து திருநீற்றைக் கொண்டுவந்து விளக்கின் மேல் பூசினார். அண்ணன் ஒன்றும் சொல்லாமல் ஒலியைக் கேட்டுக்கொண்டு நின்றார்.

ஜெலுத்தோங்கிலிருந்து ஆயர் ஈத்தாம் வரை போனேன். முன்பிரேக்கைப் பிடித்தால் வண்டியின் மூக்கு தாழாமல் மேலே எழும்பும். முன்சக்கரத்தைத் தாங்கும் கைகளின் அமைப்பினால் வரும் இந்தப் பழக்கம் எனக்குப் புதிதாகவும் வேடிக்கையாகவும் இருந்தது. சந்தையைக் கடந்து, கெக் லோக் சி கோயிலின் அடிவாரத்து ஏற்றத்தில் இரண்டாவது கியருக்கு மாற்றியபோது, எஞ்சின் இருமுறை இருமி நின்றது. உதைத்தேன். மறுபடி உதைத்தேன். பெட்ரோல் இருந்தது. பின்னால் வந்த பேருந்து ஒலியெழுப்பியது. வண்டியைத் தள்ளி ஓரத்தில் நிறுத்தி, ஒரு கடையில் கரும்புச்சாறு வாங்கிக் குடித்து, இருபத்தைந்து நிமிடம் கழித்து, வேறு எதுவும் செய்யாமல் ஓர் உதை கொடுத்தேன். முதல் உதையிலேயே பிடித்தது.

வீடு திரும்பும் வழியிலும் ஒருமுறை நின்றது. ஆறியதும் ஓடியது. இரண்டாவது முறை சாலையோரத்தில் காத்துக்கொண்டிருந்தபோதுதான் நிபோங் திபால் அம்மாவின் வாக்கியம் ஒரு சொல் குறையாமல் என் காதில் விழுந்தது.

அடுத்த நாள் மாலை அண்ணனிடம் அந்த வாக்கியத்தைச் சொன்னேன். "இத முதல் நாளே ஏன் சொல்லல?" என்று கேட்டவர், பதிலுக்குக் காத்திராமல் வண்டியைத் தெருவில் ஓட்டிச் சூடாக்கிக் கொண்டுவந்தார். பட்டறையின் விளக்குகளை அணைத்தார். இடது பக்க மூடியைக் கழற்றிவிட்டு, எஞ்சின் திணறிக்கொண்டு ஓடும்போதே, காந்தச் சக்கரத்தில் உள்ள சன்னல் போன்ற துளையின் வழியாக உள்ளே பார்க்கச் சொன்னார். பாயின்ட்டின் உதடுகளுக்கு நடுவே நீல வெள்ளையாக ஒளி சிதறிக்கொண்டிருந்தது. இருட்டில் மிக அழகாக இருந்தது, இருந்திருக்கக் கூடாது. பாயின்ட் திறக்கும்போது மின்சாரம் அந்த இடைவெளியைத் தாண்டிக் குதிக்கப் பார்க்கும். அதைத் தாங்கி உறிஞ்சிக்கொள்வது, அருகில் திருகியிருக்கும் சுண்டுவிரல் நுனியளவு உள்ள கண்டென்சர். அது உறிஞ்சினால்தான் ஓட்டம் சட்டென்று அறுந்து, காயிலில் உயர் அழுத்தம் பிறந்து, பிளாக்கில் நல்ல தீப்பொறி விழும். கண்டென்சரின் உள்ளே காப்புத்தாள் பழுதாகிவிட்டால் குளிர்ந்திருக்கும்வரை ஒப்பேற்றும். எஞ்சினின் சூடு ஏறியதும் கசியத் தொடங்கும். தீப்பொறி பிளாக்கில் விழ வேண்டியது பாயின்ட்டில் விழுந்து வீணாகும். காயில் பழுதானாலும் இதே அறிகுறி வரும் என்பதால் அண்ணன் அதோடு விடவில்லை. இழுத்துக் கழற்றும் கருவியை மாட்டிக் காந்தச் சக்கரத்தை எடுத்து, பழைய கண்டென்சரின் கம்பியைப் பிரித்து, வேறொன்றைக் கம்பி நீட்டி வெளியே தொங்கவிட்டு, எஞ்சின் ஆறுவதற்குள் உதைத்தார். சூடாகவே பிடித்தது. ஒளிச்சிதறல் ஏறத்தாழ நின்றுபோயிருந்தது.

புதிய கண்டென்சரின் விலை எட்டு ரிங்கிட். அதுவரை நான் செலவழித்தது, வண்டியின் விலையைச் சேர்க்காமல், நான்காயிரத்துக்குச் சற்றுக் குறைவு. அதில் பிஸ்டனுக்கும் கிளச் சேற்றுக்கும் எண்ணெய்க் கசிவுக்கும் ஆன செலவு என்றைக்கானாலும் செய்ய வேண்டியதே என்று அண்ணன் என்னைத் தேற்றினார். வண்டி நின்றதற்கும் அந்த வேலைகளுக்கும் தொடர்பில்லை என்பதையும் சேர்த்தே சொன்னார். எட்டு ரிங்கிட் கண்டென்சர் பதினாறு நாள் உழைத்துவிட்டு அதே ஏற்றத்தில் அதே இடத்தில் நின்றது. கரும்புச்சாற்றுக் கடைக்காரர் என்னைப் பார்த்ததும் கிளாஸை எடுத்தார். பிறகு அண்ணன் தம் மேசையின் அடித்தட்டில் தேடி, பழைய டட்சன் 120ஒய் காருக்கென்று வாங்கி வைத்திருந்த கண்டென்சர் ஒன்றை எடுத்தார். உருவத்தில் பெரியது, சக்கரத்துக்குப் பின்னால் அதற்கு இடமில்லை. ஆகவே எஞ்சினின் சூடு எட்டாதபடி பெட்ரோல் தொட்டிக்குக் கீழே, காயிலுக்குப் பக்கத்தில் வைத்து, நீளக் கம்பி இழுத்து, பிளாஸ்டிக் பட்டையால் கட்டினார். இவ்வளவு பாடுபட்டு மெருகேற்றிய வண்டியில் அது ஒன்றுதான் அசிங்கமாகத் தொங்குகிறது. ஏழு மாதமாக வண்டி நிற்கவில்லை.

தீபாவளி முடிந்த வாரத்தில், படகில் பட்டர்வொர்த்துக்குக் கடந்து, அங்கிருந்து ஏறத்தாழ முப்பது கிலோமீட்டர் ஓட்டி, நிபோங் திபாலுக்குப் போனேன். புதிய படகுகளில் கார் ஏறுவதில்லை, மோட்டார் ஏறலாம் என்பது எனக்கு வசதியாக அமைந்தது. அம்மா வெளியே வந்து வண்டியைச் சுற்றிப் பார்த்தார். நீல நிறத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. பின்பக்கத் தட்டில் இருந்த கயிற்றுத் தடத்தை மட்டும் விரலால் தடவினார்.

"இப்பவும் சூடானா நிக்குதா?"

"இல்லம்மா. சரி பண்ணியாச்சு."

"அவரு ஒரு ஈரத்துணி வச்சிருப்பாரு. நின்னுச்சுன்னா வாய்க்கால்ல நனைச்சு எஞ்சின் மேல போடுவாரு. அஞ்சு நிமிசத்துல கெளம்பிடும்" என்றார்.

நான் குப்பையில் எறிந்த துணி நினைவுக்கு வந்தது. "எஞ்சின்ல எந்த இடத்துலம்மா போடுவாரு?" என்று கேட்டேன்.

அம்மா குனிந்து, சூடாக இருந்த வண்டியைத் தொடாமல், இடது பக்கத்து வட்ட மூடியைக் காட்டினார்.